கொட்டகையில் கேட்ட இன்னொரு குரல்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அமெரிக்காவின் நாஷ்வில்லில் நான் மதியம் சாப்பிடும் கடையில், பக்கத்து மேசையில் இருந்த ஒலிப்பதிவாளன் கென்ட்ரிக் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். சோளரொட்டி வந்ததும் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். மீதியை நான்தான் எழுதியாக வேண்டும். முதலில் இப்படித் தொடங்கினேன்:

கம்பர்லாந்து நதியின் மேல் பனி இறங்கிய ஒரு காலையில், எழுபது கடந்த பாடகி ஓப்பல் டக்கெட்…

வேண்டாம். பனி என்று எழுதினாலே எல்லோரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்கிறார்கள். ஓப்பலின் பழைய ஆல்பத்துக்கு மதிப்புரை எழுதியவர்கள் செய்த வேலையும் அதுதான்.

2.

நேராகவே சொல்கிறேன். ஓப்பல், கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற பாணிப் பாடகி. முப்பது வருடத்துக்கு முன் ஒரு காலிப் புகையிலைக் கொட்டகையில் நின்று 'தாழ்ந்த நீர்' என்றொரு ஆல்பம் பாடினாள். அந்த எதிரொலிக்குள் அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு பெண்குரல் மங்கலாகக் கேட்கும். ஜனங்கள் அதற்காகத்தான் வாங்கினார்கள். இரண்டும் தன் குரல்தான் என்று எல்லாப் பேட்டியிலும் சொல்லிவந்தாள்.

இப்போது விடுபட்ட பாட்டுகளையும் சேர்த்துப் பெரிய பதிப்பாக வெளியிடுகிறார்கள். கென்ட்ரிக் பழைய ஒலிநாடாவிலிருந்து அந்தப் பின்குரலைத் தனியாகப் பிரித்தான். ஒரு பாட்டின் மூன்றாம் சரணத்தில் அந்தக் குரலில் வார்த்தையே இல்லை. 'ஃபா சோல் லா' என்று போகிறது. ஏதோ லத்தீன் ஜெபம் என்று நினைத்து அட்டைக் குறிப்பிலும் அப்படியே எழுதிவிட்டான்.

"ஜெபமாவது மண்ணாவது," என்றாள் அதைப் படித்த ஓப்பல். "எங்க சர்ச்சுல மொதல்ல ஃபா சோல் லான்னு ஸ்வரம் பாடிட்டுத்தான் வார்த்தைக்கு வருவோம். வார்த்தை மறந்துபோச்சுன்னா ஸ்வரத்துக்கே ஓடிருவோம்."

சொன்னவள் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள். (கேட்டாள் என்றால் போதாது. பயந்துபோனாள்.)

அது அவளே எழுதிய பாட்டு. தான் எழுதிய வரி தனக்கே மறக்குமா? அங்கே பாடி, வரியை மறந்தது தங்கை ரெட்டாவாக இருந்தால்? சின்ன வயதிலிருந்து சேர்ந்து பாடியவர்கள். கதவுக்கு வெளியே நின்றால் பெற்றவளுக்கே எது யார் குரல் என்று தெரியாது. கொட்டகையில் பாடிய அந்த வருடத்தில்தான் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

3.

இந்த இடத்தில் எனக்கு ஓப்பல் மேல் சந்தேகம். அவளைப் பொய்க்காரியாக்கினால் என் வேலை சுலபம்: தங்கை பெயரை மறைத்தாள், மாட்டிக்கொண்டாள். ஆனால் எப்படி எழுதினாலும் அவள் நிஜமாகவே குழம்பிப்போய் நிற்கிறாள். இரண்டும் தன் குரல் என்று சொல்லிச் சொல்லி அதுவே ஞாபகமாகிவிட்டதா? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

[குறிப்பு: எதற்காகச் சண்டை என்று கேட்காதீர்கள். பல காரணங்கள் எழுதி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.]

"பின்குரலுக்கு யார் பேரப் போடட்டும், மிஸ் ஓப்பல்?" என்று கென்ட்ரிக் கேட்டான். "நாளைக்கு அட்டை அச்சுக்குப் போகுது."

அவள் ரெட்டாவுக்குப் போன் போட்டாள்.

4.

முடிவு ஒன்று: தான்தான் பாடியதாக ரெட்டா ஒப்புக்கொண்டு அழுகிறாள். சினிமாவாக இருந்தது. முடிவு இரண்டு: அவள் போனை எடுக்கவே இல்லை. அது என் சோம்பேறித்தனம்.

எடுத்தாள். கென்ட்ரிக் அந்தக் குரலை ஒலிக்கவிட்டான். கடைசிவரை கேட்டாள்.

"அது நீதான்க்கா. நீ எழுதினதே உனக்கு மறக்கும்."

"நீ அன்னிக்கு வந்தியா இல்லியாடி? அத மட்டும் சொல்லு. உன் பேரப் போடுறேன்."

"நான் இல்லன்னா என் பேரப் போடுறது பொய். நான்தான்னா, இத்தன வருசம் போடாத பேர இப்ப போட்டு என்ன ஆகப்போகுது?"

ஓப்பல் அதையே திரும்பக் கேட்டாள்.

"வந்தேனா வரலியாங்கிறத விடு," என்றாள் ரெட்டா. "நான் வரணும்னு நெனச்சியா?"

ஓப்பல் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது என் பதிலாகிவிடும். நீங்களும் யாரோ ஒருவரோடு பேசாமல்தானே இருக்கிறீர்கள்? நீங்களே சொல்லுங்கள். ரெட்டா இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.