கஸ்பர் மேட்டுக் கம்பு

இந்த மலைகளில் செல்லுபடியாகும் சட்டங்கள் இரண்டே. ஒன்று ஆண்டவன் வகுத்தது. மற்றொன்று, ஒரு குடும்பம் வேட்டைக்கு முகாம் போடும் இடத்தில் இன்னொரு குடும்பம் கூடார முளை அடிக்கக் கூடாது என்பது. மூன்றாவதாக வன இலாகாவின் சட்டம் ஒன்றும் உண்டு. கஸ்பர் மேட்டுக்குத் திரும்பும் பாதையில் தகரப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். இடம் பிடிப்பதற்காக ஆளில்லாத வண்டியை விட்டுப் போகக் கூடாது என்று அதில் இருப்பதாகச் சொல்வார்கள். என் மச்சான் வெர்லின் ஹாஸ்கெட் வருஷா வருஷம் துப்பாக்கியின் குறியைச் சரிபார்ப்பது அந்தப் பலகையில்தான் என்பதால், இப்போது அதை வாசிப்பது சிரமம்.

ஆகஸ்டு பிறந்ததும் வெர்லின் தன் அப்பா காலத்து டிரெய்லரை மேலே இழுத்துவந்து கம்புக்கு அடியில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். இரண்டு ஃபிர் மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேலே குறுக்காகக் கட்டிய கம்பு அது. சுட்ட எல்க் மானை வெட்டி, துணிப்பைகளில் போட்டு, கரடிக்கு எட்டாமல் தொங்கவிடுவதற்கு. கம்பு இருக்கும் இடம்தான் முகாம். கம்பு போனால் மானம் போனது. ஊரில் தீவனக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருக்கிறது: கம்பில் ஒரு பெரிய கடா மானின் கொம்புத் தலையும் இறைச்சிப் பைகளும், பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெர்லின். நான் அவர் தங்கையைக் கட்டுவதற்கு முந்தைய படம். சனிக்கிழமைதோறும் அதன் கீழே நின்றுதான் அவர் காப்பி குடிப்பார்.

செப்டம்பரில் நாங்கள் இரண்டு பேரும் மான் பார்க்க மேலே போனோம். எந்தச் சரிவில் மேய்கிறது, எந்தச் சேற்றில் புரள்கிறது என்று இப்போதே தெரிந்துகொண்டால்தான் அக்டோபரில் சீசன் திறக்கும் அன்று தடுமாறாமல் இருக்கலாம். திட்டம் அதுதான்.

மேட்டில் ஏறியதும் வெர்லின் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. டிரெய்லரை யாரோ ஓரமாக இழுத்து முட்புதருக்குள் தள்ளியிருந்தார்கள். கம்புக்கு அடியில் ஒரு வெள்ளைக் கூடாரம். அதன் வாசலில் ஒரு கோவேறு கழுதை எங்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றது.

கூடாரத்துக்குள்ளிருந்து ஆர்டிஸ் குயில் வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். போன குளிர்காலத்தில் புருஷன் நெட் போய்ச் சேர்ந்தான். கீழ் ஓடை முகாம் அவர்களுடையது.

"வாங்க தம்பி. காப்பி இருக்கு," என்றாள்.

"காப்பியா? ஏம்மா, எங்க இடத்துல உக்காந்துக்கிட்டு எனக்கே காப்பியா?" வெர்லினின் கழுத்து சிவந்துவிட்டது. "இது ஹாஸ்கெட் இடம். எங்க தாத்தா கட்டின கம்பு!"

"ஓடை பெருகி எங்க இடம் போயிருச்சு. இங்க வந்தா ஆளில்லாம ஒரு வண்டி. உள்ள எலிக் குடும்பம் ஒண்ணு இருந்துச்சு, உங்க சொந்தமான்னு கேட்டேன். பதில் இல்ல."

எனக்கு ரத்தம் கொதித்தது. தனியாக வந்த ஒரு பொம்பளை, ஒரு கழுதையை வைத்துக்கொண்டு, எங்கள் டிரெய்லரை முள்ளில் தள்ளுவதாவது! "சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணலேன்னா நடக்கறதே வேற," என்று நானும் கத்தினேன். என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

"மேயர், நகரு. அவங்க கோவமா இருக்காங்க," என்று அவள் கழுதையைத் தட்டிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மான் பார்ப்பதாவது! நாங்கள் நகர்ந்தால் அவள் அடுப்பும் கட்டிவிடுவாள் என்று வெர்லின் சொல்ல, இருவரும் மடக்கு நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தோம். ஆர்டிஸ் மட்டும் மறுநாள் விடியுமுன் தொலைநோக்கியோடு ஏறிப்போனாள். அவள் போனதும் வெர்லின் ஜெனரேட்டரை ஓட்டினார். பிறகு கடா போலக் கத்துவதற்கான குழாயை எடுத்து, அவள் பார்க்கும் மானெல்லாம் பக்கத்து மாநிலத்துக்கு ஓடட்டும் என்று அடிவயிற்றிலிருந்து ஊதினார். பதில் சொன்னது மேயர் மட்டும்தான். ஒருமுறை ஊதினால் இரண்டுமுறை சொன்னது.

மத்தியானம் அவள் முழங்கால் வரை கருஞ்சேற்றோடு இறங்கிவந்தாள். கடா புரண்ட சேற்றின் வாடை ஊரைத் தூக்கியது.

"மேலே ஊற்றுக்கிட்ட ரெண்டு கடா இருக்கு. நீங்க போய்ப் பாக்கலையா?"

"நாங்க பாக்கவே வேண்டாம். ஹாஸ்கெட் ரத்தத்துல இருக்கு."

"பாவம், அங்கயே இருந்துருச்சு போல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெர்லின் வண்டியிலிருந்து சங்கிலியை எடுத்தார். கூடாரத்தின் நடுக்கம்பத்தில் கட்டி இழுத்துவிடுவது என்று முடிவு. நான் கொக்கியைப் பிடித்துக்கொண்டேன். ஆர்டிஸ் கூடாரத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இழுங்க. என்னையும் சேர்த்து இழுங்க. திங்கக்கிழமை தீவனக் கடையில சொல்றதுக்கு நல்லா இருக்கும்."

வெர்லின் சங்கிலியைத் தரையில் ஓங்கி எறிந்தார். "உனக்கு என்னதான் வேணும்?"

"நியாயம். இந்தக் கம்புல கடைசியா யாரோட மான் தொங்குச்சோ, இடம் அவங்களுக்கு. சம்மதமா?"

"சம்மதம்!" வெர்லின் ஃபிர் மரத்தை அறைந்தார். "மாப்ள, நீ சாட்சி. அம்மா, கடையில படம் பாத்திருக்கியா? அந்தக் கடாதான் கடைசி. அதோட முதுகுக்கறி இருக்கே... இரும்புச் சட்டியில, வெண்ணெயில, வெங்காயம் போட்டு. வாயில வெச்சா கரையும்! அப்படி ஒரு கறிய நீ வாழ்க்கையில தின்னிருக்க மாட்ட!"

"இல்ல," என்றாள் ஆர்டிஸ். "தின்னதில்ல."

அவள் கம்பை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் கொம்பு இப்ப எங்க இருக்கு தம்பி?"

"அது... எங்கயோ..."

"என் கொட்டகையில இருக்கு. இடது கொம்புல அடிக்கிளை முறிஞ்சது. கடைப் படத்துலயும் முறிஞ்சுதான் இருக்கு, போய்ப் பாருங்க. நெட் சுட்ட கடா அது. ஒரு படம் எடுத்துக்கறோம், ஒரு ராத்திரி குடு நெட்டுன்னு நீங்கதான் வந்து வாங்கிட்டுப் போனீங்க. நானே குதிரையில ஏத்திவிட்டேன்."

நான் வெர்லினைப் பார்த்தேன். அவர் மேயரைப் பார்த்தார்.

வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டலாம் போல இருந்தது எனக்கு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கடாவைக் காற்றின் திசை உட்பட முழுதாக வாயாலேயே சுட்டுக் காட்டிய மனிதர். அதைக் கேட்டுக் கைதட்டியவன் நான். இரண்டு நாளாக ஒரு விதவையை மிரட்டிக்கொண்டு, கையில் கொக்கியோடு நிற்பவனும் நான்.

"அப்ப அதுக்கப்புறம்?" என்று கேட்டேன். "அதுக்கப்புறம் நீங்க எதையுமே இங்க தொங்கவிடலையா மச்சான்?"

"சில வருஷம் மழை அதிகம்," என்றார் வெர்லின்.

டிரெய்லரை முள்ளிலிருந்து இழுத்தபோது ஒரு சக்கரம் கழன்றது. நாங்களே மண்டியிட்டு அதை மாட்டினோம். வெர்லின் என்னை ஒரு முறை "முட்டாளே" என்றார். நானும் பதிலுக்குச் சொன்னேன். மேயர் எங்கள் ரொட்டிப் பொட்டலத்தைத் தின்றுகொண்டிருந்தது; அதை விரட்ட எங்களுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வண்டி கிளம்பும்போது ஆர்டிஸ் ஜன்னலருகே வந்தாள். முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"நெட்டுக்கு முதுகுக்கறின்னா உசுரு. நீங்க மானைத் திருப்பிக் குடுத்தப்ப அந்தக் கறி இருந்த பை மட்டும் இல்ல. கரடி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொன்னீங்க. அந்த மனுஷன் சாகற வரைக்கும் அந்தக் கரடியத் திட்டிக்கிட்டே இருந்தாரு."

வெர்லின் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கரடி எதுவும் வரவில்லை. வெர்லின்தான் தின்றார்.