ஒரே ஒரு 'வேண்டாம்'

எங்க குடியிருப்புல என்னை 'சட்டம் சார்'னுதான் கூப்பிடுவாங்க. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல குடிமையியல் நடத்தின வாத்தியாரை வேற எப்படிக் கூப்பிடுவாங்க? சங்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்ததும் நான்தான். பொது இடத்துல எதைக் கட்டினாலும் பன்னிரண்டு வீடும் சம்மதிக்கணும். சீட்டுல பேர் எழுதக் கூடாது. கூட்டம் சேர்ந்து தனி ஆளை மிதிச்சிடக் கூடாது பாருங்க, அதுக்காக. அன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டேன்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோட புருஷனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. எங்க வாசல்ல ஏழு படி. சக்கர நாற்காலி இறங்குற மாதிரி ஒரு சரிவுப் பாதை போடணும்னு அந்தம்மா சங்கத்துல கேட்டாங்க. அதுக்கு இடம் இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், என் படுக்கையறை ஜன்னலை ஒட்டி.

நாள் முழுக்க ஜன்னல் ஓரமா ஆள் போறதும் வர்றதுமா இருந்தா மத்தியானம் கண்ணசர முடியுமா? என் வீடு, என் ஜன்னல், என் உரிமை, இதுல என்ன தப்புன்னு எனக்கு நானே வாதாடிக்கிட்டேன். சீட்டுல 'வேண்டாம்'னு எழுதி, நாலா மடிச்சுப் பெட்டியில போட்டேன். இன்னும் ரெண்டு மூணு பேராவது அப்படி எழுதியிருப்பாங்கன்னுதான் நினைச்சேன், சத்தியமா.

எண்ணிப் பார்த்தா பதினொன்னு சம்மதம். ஒண்ணே ஒண்ணு வேண்டாம்.

எல்லார் கண்ணும் மூணாவது மாடி எலக்ட்ரீஷியன் மேல போச்சு. வாயைத் திறந்தாலே சண்டைதான் அந்த ஆளுக்கு. "நான் போடலைங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினான். ஒருத்தரும் காதுல வாங்கலை. நேரா என்கிட்ட வந்தான்.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. சொல்லுங்க சார்."

நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டேன். "ரகசிய வாக்கு. யார் போட்டாங்கன்னு பேசறதே விதிக்கு விரோதம்ப்பா."

சீ! இதுவும் ஒரு வாயா?

வாரத்துல ரெண்டு நாள் தையல்காரம்மா புருஷனை வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். நாற்காலியோட தூக்கி இறக்க ஆள் வேணும். முதல் நாள் எலக்ட்ரீஷியன்தான் ஓடி வந்தான். "உங்க கை பட வேண்டாம்"னு அந்தம்மா முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. கண்ணு கலங்க அவன் திரும்பிப் படியேறினதை நான் பார்த்தேன். பார்த்து என்ன கிழிச்சேன்? அவன் விட்ட இடத்துல போய் நாற்காலியைப் பிடிச்சேன். அன்னியிலேர்ந்து ஒரு பக்கம் அந்தம்மா, ஒரு பக்கம் நான். "சாருக்குத் தங்கமான மனசு"ன்னு குடியிருப்பே பேசிச்சு. உடம்பெல்லாம் கூசிச்சு எனக்கு.

நேத்து நாலாவது படியில என் கால் இடறிருச்சு. நாற்காலி சாய்ஞ்சு அவர் முழங்கை சுவத்துல உரசி, தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அந்தம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"வேண்டாம்னு எழுதின கை விளங்குமா?"

அவர் குழறிக் குழறிச் சொன்னார். "திட்டாதே. அவங்களுக்கு என்ன கஷ்டமோ. அது அவங்க உரிமை. சார் எழுதின விதி நல்ல விதிதான்."

"உரிமையாம் உரிமை! இவரைப் பார்த்த பிறகும் அப்படி எழுதின பாவி நல்லா இருப்பானா? நீங்களே சொல்லுங்க சார்."

மேல படியில எலக்ட்ரீஷியன் நின்னுக்கிட்டிருந்தான். என் வாயையே பார்த்தான். இப்பவாவது சொல்லித் தொலையேன்டான்னு உள்ளே ஒண்ணு கிடந்து அடிச்சுக்கிச்சு.

"நல்லா இருக்க மாட்டான்மா"ன்னேன்.