கீழ்வீட்டுப் புகை

காஸுக்கும் பெட்ரோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டில், கொட்டாஞ்சேனையில் எங்கள் கீழ்வீட்டு டோரின் அக்கா முற்றத்தில் விறகடுப்பு மூட்டினார். புகை நேரே என் மகள் நிஷாந்தியின் ஜன்னலுக்குத்தான் வரும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். என் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, என்ட பிள்ளையக் கொல்லப் போறீங்களா?" என்று மேலே நின்றே கத்தினேன்.

"அப்ப அரிசியப் பச்சையாத் தின்னச் சொல்றீங்களா?" என்றார் அவரும் விடாமல்.

அன்று பின்னேரமே நிஷாந்திக்கு இழுப்பு வந்தது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. தெருவில் ஒரு ஓட்டோவும் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால், டோரின் அக்கா தன் ஓட்டோவை வெளியே எடுத்து நிற்கிறார். ஓட்டோ ஓடித்தான் அவர் சாப்பிடுகிறார். வெயிலில் வரிசையில் கிடந்து அடித்த கொஞ்சப் பெட்ரோல்தான் அதில் இருந்தது.

"ஏறுங்க தங்கச்சி. சண்டையப் பிறகு பிடிப்பம்."

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு திரும்பியது. டோரின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாகும்வரை அந்த மனுஷிக்கு நான் கடமைப்பட்டவள். திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்துபோக, நிஷாந்தியை உள்ளே இருத்தி, நாங்கள் இருவரும் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் கரண்ட் வந்ததும் கீழே எட்டிப் பார்த்துச் சொன்னேன். "அக்கா, இனி விறகு வேணாம். உங்கட சோத்தையும் என்ட கரண்ட் குக்கரில வைக்கிறன்."

புகையையே ஒழித்துவிட்ட பெருமை எனக்கு. கட்டிலில் கிடந்த நிஷாந்தி சிரித்தாள்.

"அம்மா, கரண்டும் விறகுதான்."

"என்னடி கதைக்கிறாய்?"

"புத்தளம் பக்கம் நிலக்கரி எரிச்சும் கரண்ட் எடுக்கிறாங்க. நிலக்கரி எண்டா, மனுசரே இல்லாத காலத்துக் காடு. சேத்துக்குள்ள புதைஞ்சு கறுத்துப்போன மரம். நேத்து என்னக் கொண்டுபோன பெட்ரோலும் அப்பிடித்தான், கடலுக்கடியில செத்துப் புதைஞ்ச சின்னச் சின்ன உயிர்கள்."

"அப்ப புகை?"

"அங்க இருக்கிற பிள்ளைகளுக்கு."

சுவிட்சில் வைத்த கை அப்படியே நின்றது. கீழே டோரின் அக்கா பசியோடு இருந்தார். சுவிட்சைப் போட்டேன். டோரின் அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாசல் தெரியும். புத்தளத்தில் பிள்ளையின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும் தாய்க்கும் சொல்ல வேண்டும். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.