ஜாமீன் போட்டவரின் மகன்

தங்கை புருஷன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு, ஹபீபுல்லாவின் துறைமுகப் பென்ஷனில் பாதியை மாதாமாதம் ஃபைனான்ஸ்காரன் தின்றுகொண்டிருந்தான். கண் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. கடன் வாங்கியவர் இறந்துபோய், இன்று ராயபுரம் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை.

தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் மகன் எழுந்து, "கடன் பாக்கி இருந்தால் என்னிடம் கேளுங்கள்" என்று சொல்வது வழக்கம். இதை விட்டால் கதியில்லை என்று ஹபீபுல்லாவின் மகன் தௌசீஃப் ஆட்டோவிலேயே அத்தாவுக்குப் பாடம் நடத்தினான்.

"நான் கேக்க மாட்டேன்டா. தங்கச்சி மூஞ்சில எப்டி முழிக்கறது?"

"நீ கம்முனு குந்திகினு இரு அத்தா. நான் கேக்கறேன்."

பள்ளிவாசலில் இறந்தவரின் மகன் அத்னான் எழுந்தான். "எங்க அத்தா யாருக்குனா கடன்பட்டிருந்தா..." குரல் உடைந்தது.

தௌசீஃப் சிங்கம் மாதிரி கையைத் தூக்கினான். பள்ளிவாசலே திரும்பிப் பார்த்தது.

"சொல்லு மச்சான்." அத்னான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அழுது மூக்கு சிவந்திருந்தது.

சிங்கம் தூக்கிய கையை மெல்ல இறக்கியது. "ஒண்ணுமில்ல மச்சான். சந்தூக்கு தூக்க நானும் வரேன்னு சொல்ல வந்தேன்."

சந்தூக்குப் பெட்டியில் மாமா நல்ல கனம். அடக்கம் செய்யும் கபரஸ்தான் போய்ச் சேர்வதற்குள் தௌசீஃபுக்குத் தோள் கழன்றுவிட்டது. கடனை அத்தா சுமக்கிறார், கடன் வாங்கியவரை மகன் சுமக்கிறான். அந்தக் குடும்பத்தில் யாரும் சும்மா இல்லை.