வடக்குத் தெருவில் பிறந்த நிலம்

முற்பகற் கதிரவன் நீர்ப்பரப்பெங்கும் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் ஒளி பரப்ப, வளைத்த வில்லென நடுக்கடலில் நிரைநிரையாய் எழுந்து நின்ற தீவுகளுள், முகில் சூடிய எரிமலையொன்றைத் தன் நெஞ்சகத்தே தாங்கி, கருங்கல் வீடுகளும், வலைகள் உலரும் துறையும், கடல்நோக்கிச் சரிந்திறங்கும் தெருக்களுமாய்ப் பொலிந்த பெருந்தீவைக் காண்பீராக. அதன் கீழ்க்கரைக்கு அப்பால், ஒளி புகா ஆழத்தில், பெருங்கடலின் அடித்தட்டு அண்டைத் தட்டின்கீழ் நுழைந்து, நகம் வளர்வதுபோல் மெதுவாக அமிழ்ந்துகொண்டிருந்தது. அது பாறைக்குள் பொதிந்து சுமந்த நீர், ஆழத்து வெம்மையாற் பிழியப்பட்டு மேலெழுந்து, மேலிருந்த கனற்பாறையை இளக்கிக் குழம்பாக்க, அக்குழம்பே ஊழிதோறும் பொங்கிக் குளிர்ந்து அத்தீவுகளாயிற்று.

இவ்வுண்மையைத் தன் உள்ளங்கைபோல் அறிந்தவள், எரிமலையைக் கண்காணிக்கும் மலைநோக்ககத்துப் பாறையியல் அறிஞை. ஊர்மன்றத் தலைவியின் மருமகள். பாறைக்குழம்பில் வல்லவளாகிய அவளுக்கு அடுக்களைக் குழம்பில் உப்பிடத் தெரியவில்லை என்பது மாமியாரின் தீராக் குறை.

மலையுச்சியின்கீழ் எழுந்துகொண்டிருந்த நில அதிர்வுகள் வடக்கே நகர்ந்து நகர்ந்து எழத் தொடங்கியதையும், வடக்குத் தெரு மெல்ல உப்பி வருவதையும் கருவிகளாற் கண்டறிந்த அவள், அன்றே மன்றத்தில் எழுந்து, அத்தெரு மக்களை வெளியேற்ற வேண்டுமென்றாள். மீனவர் தலைவர் சினந்தார்.

"புகை உச்சியில வருது. நீ அடிவாரத்தைக் காலி பண்ணச் சொல்றே. இது என்னம்மா கணக்கு?"

"உச்சியில வர்றது வெறும் ஆவிங்கய்யா. குழம்பு உள்ளுக்குள்ள பக்கவாட்டுல பிளந்துக்கிட்டு வடக்கே வருது. தரை உப்பி நிலை கோணிப்போய், வீட்டுக் கதவு சாத்தவே மாட்டேங்குதுன்னு நீங்கதானே புலம்புனீங்க?"

மன்றம் சிரித்தது, தலைவி சிரிக்கவில்லை. "நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"எல்லாரும் என்னைத் திட்டலாம் அத்தை. சரியாப் போச்சுன்னா, திட்டுறதுக்கு ஆள் உசிரோட இருக்கணும்ல?"

தலைவி எழுந்தார். வடக்குத் தெருவில் முதன்முதலாகக் காலியானது அவர் வீடே. கட்டிலும் கலமும் தென்கரைப் பள்ளிக்குச் சுமந்து செல்லப்படக் கண்ட பிறரும், முணுமுணுத்தவாறே பின்தொடர்ந்தனர்.

ஆனால் மலை வாய்திறக்கவில்லை. நாள்கள் கழியக் கழிய, இடநெருக்கடியால் நொந்த மக்கள் வீடு திரும்பத் துடித்தனர். தெருமுனையில் நாற்காலியிட்டு அமர்ந்த தலைவி, வந்தவர் வசையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒருவரையும் உள்ளே விடவில்லை. கருவிகள் காட்டியதை மீண்டும் மீண்டும் சரிபார்த்து, உண்ணாது வாடிய மருமகள் அவர் அருகே வந்து நின்றாள்.

"என்னால உங்களுக்குக் கெட்ட பேரு அத்தை. நான் சொன்னதுன்னே சொல்லிடுங்க."

"நீ சொன்னதை நான் ஊருக்குச் சொல்லியாச்சு. இனி அது என் பேச்சு. போய்ச் சாப்பிடு, இன்னிக்கு நீ சமைக்கலை, பயப்படாதே."

மறுநாள் நண்பகலில், இடியை விழுங்கியதொரு முழக்கத்தோடு வடக்குத் தெருவின் தலைமாட்டில் நிலம் பிளந்தது. செங்கனல் திரை திரையாய் எழுந்து, ஆளற்ற தெருவை நிறைத்து, வீடுகளை ஒவ்வொன்றாய் உண்டு, ஆவி வானளாவக் கடலுட் பாய்ந்தது. தென்கரை மேட்டினின்று அதனை நோக்கிய ஊரில் ஓருயிரும் குறையவில்லை. தம் வீட்டுக் கூரை சரிந்தபோது தலைவி கண்களைத் துடைத்துக்கொண்டார். மீனவர் தலைவர் தலைகவிழ்ந்து அருகே வந்து, "உங்க வீடும் போயிடுச்சே அம்மா," என்றார்.

"வீடு இன்னொண்ணு கட்டிக்கலாம்யா. இவளை மாதிரி இன்னொருத்தியை என் பையன் கட்ட முடியுமா?"

அச்சொல் கேட்டு ஊர் ஆர்ப்பரித்தது. அத்தனை நாள் அழாதிருந்த மருமகள் அப்போதுதான் விம்மியழுதாள்.

திங்கள் பல சென்று குழம்பு குளிர்ந்துறைந்தபின், கடல் அலைத்த இடத்தே கருமுனையொன்று நீண்டு கிடந்தது. மக்கள் வாழும் நிலமெல்லாம் அவர்தம் முன்னோரினும் முதியது. அன்று மாமியாரும் மருமகளும் கைகோத்து நடந்து சென்று நின்ற அந்நிலமோ, அவர்கள் இருவரினும் இளையதாயிருந்தது.