ரிசர்வில் ஓடிய வண்டி

எங்கள் வீட்டுக் காரில் பெட்ரோல் பம்ப், பின்சீட்டுக்கு நேர் கீழே டேங்குக்குள் இருக்கிறது. அந்தச் சீட்டில் எப்போதும் உட்காருகிறவன் நான். முன்சீட்டு அண்ணனுடையது, அவர் வராத நாளிலும் அவருடையதுதான். ஆகவே பம்ப் உயிரை விடும் செய்தி உலகத்தில் முதலில் போய்ச் சேர்வது என் பின்பக்கத்துக்கு. முதலில் கொசு மாதிரி ரீங்காரம் வரும். கொசு வண்டாகும். வண்டு, கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி ஆகும். அப்புறம் பேச்சுமூச்சு இருக்காது.

மூன்றாவது பம்ப்பும் மலைச்சாலை ஏற்றத்தில்தான் செத்தது. முதல் இரண்டும் செத்த அதே இடம். ஓட்டிக்கொண்டிருந்த அண்ணி பிரேக்கை மிதித்தபடி வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். நான் இறங்கிப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். சக்கரத்துக்குக் கல் வைப்பதில் எனக்கு அதற்குள் நல்ல தேர்ச்சி வந்திருந்தது. வேறு எதிலும் வந்ததில்லை.

என் வேலை, லீவு போட்ட வாத்தியார்களுக்குப் பதிலாக வகுப்பில் போய் உட்காருவது. வீட்டில் என் வேலை, அண்ணி எங்காவது கிளம்பினால் துணைக்குப் போவது. அண்ணன் எனக்கு 'ஸ்டெப்னி' என்று பெயர் வைத்திருந்தார். பொருத்தமான பெயர்தான். காற்றே இல்லாத ஸ்டெப்னி என்று நானே திருத்திச் சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் அண்ணியின் அப்பா இருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சுக்கு இடம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். கூடிய சீக்கிரம் தொண்டைக்குள் குழாய் போட வேண்டிவரும், போட்டால் பேச முடியாது, பேச வேண்டியதை அதற்குள் பேசிவிடச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணிக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் வாயில் சொல் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கார் அவர் வைத்திருந்ததுதான். கல்யாணத்தின்போது துடைத்து மெருகேற்றி மகளுக்குக் கொடுத்தார். மகள் நினைத்த நேரத்தில் தன்னைப் பார்க்க வரலாம் என்பது அவர் கணக்கு.

வண்டி மறுபடி நின்றுவிட்டதென்று அண்ணி போனில் சொன்னபோது, அண்ணன் குரல் வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"நான் எப்போ போகாதேன்னேன்? வண்டிதான் போகமாட்டேங்குது. உங்கப்பன் வண்டி உங்கப்பன் மாதிரியே இருக்கு. மேட்டைப் பாத்தா மூச்சு வாங்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பழக்கதோஷத்தில் எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. ஒருவர் வீட்டுச் சோற்றைத் தின்றால் அவர் ஜோக்குக்கும் பசி எடுத்துவிடுகிறது. அண்ணி "சரிங்க" என்று போனை வைத்துவிட்டு, ஏற்றத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

பஸ்ஸில் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். அதையும் கேட்டாயிற்று. கார் வைத்திருப்பவன் பெண்டாட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் நாலு பேர் தன்னை என்ன நினைப்பார்கள் என்று அண்ணன் வருத்தப்பட்டார். அவர் எதையும் தடுப்பவர் அல்ல. வருத்தப்படுவார். அவர் வருத்தப்படத் தொடங்கினால் வீட்டில் கதவு, நாற்காலி, தட்டு எல்லாம் சேர்ந்து வருத்தப்படும். அது ஓய வாரக்கணக்காகும். அந்த வாரங்களில் நானே தெருநாய்க்குப் போட்டியாக வாசலில்தான் இருப்பேன்.

சூடு ஆறியதும் பம்ப் மெல்ல முனகியது. வீட்டுப் பக்கம் திருப்பியதும், லாயம் நினைவுக்கு வந்த குதிரையாக வண்டி இறக்கத்தில் ஓடியது. வாசலுக்கு வந்து மறுபடி செத்தது.

எங்கள் மெக்கானிக்குக்கு நான் வைத்த பெயர் 'சந்தேகம்'. கைசுத்தமானவர், ஆனால் பெற்ற தாயையே சந்தேகப்படுவார். முதல் தடவை வயசாகிவிட்டது என்று பம்ப்பை மாற்றினார். இரண்டாவது தடவை கரண்ட் குறைவாகப் போகிறதோ என்று ரிலேயையும் வயரையும் சேர்த்து மாற்றினார். இந்த மூன்றாவது தடவை ஃபில்ட்டரைச் சந்தேகப்பட்டு, பிறகு டேங்கையே சந்தேகப்பட்டு, அதைக் கழற்றி இறக்கி உள்ளே டார்ச் அடித்தார். துரு இல்லை. பெட்ரோலில் கலப்படமோ என்று முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். எனக்குத் தலைவலி வந்ததே தவிர ஞானம் வரவில்லை.

செத்த பம்ப்பை அறுத்துப் பார்த்தார். உள்ளே கருகியிருந்தது.

"வெந்து போயிருக்கு சார். எங்கேயிருந்து இவ்வளவு சூடு?" என்று என்னைக் கேட்டார். பிள்ளைகளின் கேள்விக்கு நான் வகுப்பில் விழிப்பதைப் போலவே விழித்தேன்.

அண்ணன் வேன் கம்பெனி ஒன்றில் பெட்ரோல் பொறுப்பில் இருக்கிறவர். வண்டிகளைப் பற்றி நாலும் தெரிந்தவர். ஒவ்வொரு முறையும் சந்தேகத்தைப் போனில் கூப்பிட்டு, ரிலேயைப் பாருங்கள், எர்த்தைப் பாருங்கள், ஃபில்ட்டரைப் பாருங்கள் என்று புதுசு புதுசாகத் துப்புக் கொடுத்தார். இவ்வளவு அக்கறையான கஸ்டமரைப் பார்த்ததில்லை என்று சந்தேகம் உருகினார். டேங்க் எப்போதும் காலியாக இருப்பதிலும் அவருக்கு ஒரு மகிழ்ச்சி. இறக்கி ஏற்றக் கைக்கு லேசாக இருக்கிறதாம்.

டேங்க் ஏன் எப்போதும் காலி என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. டேங்க் மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி அண்ணனின் கொத்தில் தொங்கும். வெளியே போட்டால் அளவில் ஏமாற்றுகிறான் என்று, எங்கே போகிறோம் என்று கேட்டு, அந்தத் தூரத்துக்கு மட்டும் கேனிலிருந்து அவரே ஊற்றுவார். முள் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. சிவப்புக் கோட்டில், வேலை போன கணவன் கட்டிலில் கிடப்பதைப் போலக் கிடக்கும். பெட்ரோல் விஷயத்தில் அண்ணன் மகா கருமி என்று நினைத்திருந்தேன். கருமியாகவே இருந்திருக்கலாம்.

நாலாவது பம்ப் போட்ட அடுத்த நாள், அண்ணன் வீட்டில் மறந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவர் யார்டுக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரு டிரைவரை நிற்க வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கால் டேங்குக்குக் கீழே இறக்காதேன்னு எத்தனை தரம்யா சொல்றது? பெட்ரோல்ல முங்கிக் கிடந்தாத்தான் பம்ப்புக்குச் சூடு ஆறும். கொஞ்சூண்டு வெச்சுக்கிட்டு மேட்டுல ஏத்தினா, இருக்கிறதும் ஒரு பக்கமா ஓடிடும். பம்ப் காத்தைக் குடிச்சு வெந்து சாவும். உன்னை மாதிரி ஆளுங்க பம்ப்பைக் கொல்லுறீங்கய்யா."

டிரைவர் தலையைச் சொறிந்தார். இவ்வளவு தெளிவாக ஒரு பாடத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. பின்வரிசை மாணவனான எனக்கே புரிந்துவிட்டது.

அண்ணன் திரும்பினார். என் கையில் கண்ணாடி. அதை வாங்கி மாட்டிக்கொண்டு என் முகத்தை நிதானமாகப் படித்தார். அவர் பயப்படுவார் என்று ஒரு வினாடி எதிர்பார்த்தேன். அவர் என் தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டி வந்தார்.

"போய்ச் சொல்லப்போறியா? சொல்லிக்கோ. நீ சொன்னா எவன்டா நம்புவான்? உன் வாயில வர்றதெல்லாம் ஜோக்குதானே."

வீட்டில் அண்ணி அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் நின்றபடியே சொன்னேன். கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், வாழ்க்கையில் முதல்முறையாக முகபாவம் எதுவும் காட்டாமல் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. காலரை முடித்துவிட்டுக் கேட்டார்.

"என்னைச் சிரிக்க வைக்கிறதுக்காகச் சொல்லலையே, தம்பி?"

"இல்ல அண்ணி."

"பாத்துச் சொல்லுங்க. நீங்க எப்பவும் இப்படித்தான் மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆரம்பிப்பீங்க."

இத்தனை வருஷம் நான் அடித்த ஜோக்குகள் அத்தனையும் வரிசையாக வந்து என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். பெட்டியின் சுவிட்சை அணைத்தார், பிளக்கையும் பிடுங்கினார். காலரும் ஒரு பக்கக் கையும் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையை மடிக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டெப்னி வேறெங்கே போகும்?

பஸ் அந்த ஏற்றத்தில் ஏறியது. நாங்கள் நின்று நின்று வந்த இடத்தில் சக்கரத்துக்கு நான் வைத்த கற்கள் இன்னும் கிடந்தன. அண்ணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியை, கியரைப் பிடிப்பதைப் போலப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னிக்குக் காலையிலதான் போட்டாங்கம்மா" என்றார். "நேத்து வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தார்."

"என்னம்மா பேசினார்?"

"வண்டியைப் பத்தித்தான். ஓட்டை வண்டியைப் பொண்ணு தலையில கட்டிட்டேன், அதான் புள்ள வரமுடியாம நடுரோட்டுல நிக்குதுன்னு. அதையேதான் சொல்லிட்டிருந்தார். வேற ஒண்ணும் சொல்லல."

உள்ளே அண்ணியின் அப்பா வாயில் குழாயோடு கிடந்தார். பக்கத்தில் மிஷின் ஒன்று அவருக்குப் பதிலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அண்ணி காதருகே குனிந்து, வண்டி நல்ல வண்டிப்பா, அதுல ஒரு குறையும் இல்லப்பா என்றார். மயக்க மருந்தில் இருக்கிறார், கேட்காது என்று நர்ஸ் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டு தலையாட்டினார். பிறகு எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசுகிறவர்கள் மாதிரி, குரலை உயர்த்தி அதையே மறுபடி சொன்னார். அப்பா உயிரோடிருந்த அந்த இரண்டு நாளும் அந்த நாலு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கண் திறக்கவில்லை. விரல் அசையவில்லை. கதைகளில் அசையும்.

இறந்த செய்தியை அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார்.

அவர் வருவது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது, தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். கார் கழுவித் துடைத்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி பளபளத்தது. இறங்கியதும் அண்ணியின் பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். வழியில் சிரமம் ஒன்றும் இல்லையே என்று பெரியப்பா விசாரித்தார். பழைய வண்டியாயிற்றே என்ற கவலை.

"ஒரு சிரமமும் இல்ல மாமா. டேங்க்கை ஃபுல் பண்ணிட்டேன். வெண்ணெய் மாதிரி ஏறிடுச்சு. சாவுக்கு வர்றப்போ நடுவழியில நின்னா மரியாதையா இருக்குமா, சொல்லுங்க."

அண்ணி இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். அழுது வீங்கிய முகத்தில் எதுவும் மாறவில்லை. கேட்காமலேயே அவர் வாயாலேயே வந்துவிட்டது. இனி யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. உள்ளே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து உறவினர் கலையத் தொடங்கியதும், அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு கிளம்பலாமா என்று கேட்டார்.

"நீங்க கிளம்புங்க. நான் வரல" என்றார் அண்ணி.

"சரி, ரெண்டு நாள் அம்மாகூட இருந்துட்டு வா. எப்போ வரே?"

"வரல."

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். பெரியப்பா அங்கேதான் இருந்தார். சிரிப்பு மாதிரி ஒன்றை முகத்தில் ஒட்டிக்கொண்டு, வண்டியை வேண்டுமானால் விட்டுவிட்டுப் போகட்டுமா, உன் அப்பா வண்டிதானே என்றார்.

"வேண்டாம். இந்த ஊர்ல பஸ் நல்லா ஓடுது."

அவ்வளவுதான் பேசினார். குரல் உயரவில்லை. என் பக்கம் திரும்பி, வேளைக்குச் சாப்பிடுங்க தம்பி என்றார். என் துணி, என் வேலை, என் சோறு எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தன. முதுகெலும்பு எந்தப் பக்கமும் இல்லை. நான் காரில் ஏறினேன்.

பின்சீட்டுக்குக் கீழே பம்ப் முழுகிக் குளித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. மலை உச்சியைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியதும் அண்ணன் பேசினார்.

"பாத்தியாடா? இவ அங்க போனா திரும்பி வரமாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும். ஒருத்தனும் நம்பல. வண்டி மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா இவ எப்பவோ போயிருப்பா."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை, தோள் குலுங்கியது, வண்டி கொஞ்சம் அலைந்தது. தான் சொன்னது பலித்துவிட்ட பெருமையும் பெண்டாட்டி போய்விட்ட அழுகையும் ஒரே தொண்டையில் முட்டிக்கொண்டன. என் பாழாய்ப்போன மனசு அவருக்காகவும் எழுந்து நிற்கப் பார்த்தது. அதட்டி உட்கார வைத்தேன்.