ஆர்டித் ஜெயித்த வாரம்

செத்துப்போன ஒருத்தி தேர்தலில் ஜெயித்துவிட்டாள் என்ற செய்தி வந்த காலையில், நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் அலுவலகமே மேசையைத் தட்டிக் கொண்டாடியது. செய்தியைக் கிண்டல் செய்வதுதான் அவர்கள் பிழைப்பு. கோட்டும் டையுமாக ஒருவர் உட்கார்ந்து, நிஜச் செய்தி வாசிப்பவர் போலவே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வாஷிங்டன் கூத்தையெல்லாம் வாசிப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். தேர்தல் வாரம் என்றால் அவர்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. அதில் இப்படி ஒரு செய்தியும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்.

ஜோஸ்லின் வார்காவுக்கு அங்கே சிரிக்க வைக்கும் வேலை இல்லை. ஆள் பிடிக்கும் வேலை. விநோதச் செய்தியில் அடிபட்ட மனிதர்களைத் தேடிப் பிடித்து, போனில் தேனாகப் பேசி, கேமரா முன்னால் உட்கார வைக்க வேண்டும். வளர்த்த வாத்தை மேயர் தேர்தலில் நிறுத்தியவர், தபால் பெட்டியோடு சண்டை போட்டுச் சிறைக்குப் போனவர் என்று எத்தனையோ பேர் அவள் குரலை நம்பிக் கதவைத் திறந்திருக்கிறார்கள். ஒளிபரப்பான மறுநாள் அவர்களில் சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள். முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அந்த எண்களிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. எடுத்தால் அடுத்த வாரம் வேலை பார்க்க முடியாது என்பது அவள் கண்ட ஞானம்.

இந்த முறை கிடைத்தவர் லோவல் ஹைன்லி. பென்சில்வேனியாவில், நிலக்கரி தோண்டி முடித்துக் கைவிட்ட மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அவர் மனைவி ஆர்டித் ஊர்மன்றத்துக்கு நின்றாள். வாக்குச்சீட்டு அச்சானபின், செப்டம்பரில், புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்கு வீடு புல்தரையில் நட்டிருந்த அவள் பெயர்ப் பலகைகளைப் பிடுங்க லோவலுக்கு மனசு வரவில்லை. ஊர்க்காரர்களுக்கும் வரவில்லை. நவம்பரில், உயிரோடிருந்த எதிராளியைத் தோற்கடித்து அவள் ஜெயித்துவிட்டாள்.

போனில் லோவல் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“என்னைப் பாத்து எவ்வளவு வேணா சிரிச்சுக்கட்டும்மா. என் மூஞ்சியே சிரிக்கிறதுக்குன்னு செஞ்ச மூஞ்சிதான். ஆனா ஆர்டித்தைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது.”

ஜோஸ்லின் உடனே வாக்குக் கொடுத்தாள். வாக்குக் கொடுப்பதுதானே அவள் தொழில்.

வெள்ளிக்கிழமை கேமரா, விளக்கு, ஒலிப்பதிவுக்காரன் புரூனோ, கேள்வி கேட்கும் நடிகன் டெக்ஸ்டர் எல்லாருமாக வேனில் போய் இறங்கினார்கள். லோவல் பழுப்பு நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி, வாசலிலேயே நின்றிருந்தார். பேட்டியைச் சமையலறையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். ஆர்டித் பிரச்சாரம் செய்ததெல்லாம் அந்த மேசையிலிருந்துதானாம்.

விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது ஜோஸ்லினிடம், பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே குளிர்பெட்டியின் மேல்கதவைத் திறந்தார். கேட்டுவிட்டு, தவறாகக் கேட்டுவிட்டது போல் வெட்கப்பட்டார். உள்ளே பனி படிந்த டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்து சுருட்டியது, பன்றித் தொடையும் பீன்ஸும் போட்ட சூப், கோழிக்கறி. வைத்தியத்தால் இனி ஆகாது என்று தெரிந்த கோடையில், நிற்கத் தெம்பில்லாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஆர்டித் சமைத்து உறைய வைத்தவை அவை.

“குளிர் முடியிற வரைக்கும் வரும்னு சொன்னா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து ஒண்ணே ஒண்ணு எடுப்பேன். அதுக்கு மேல தொடமாட்டேன். உங்களுக்குக் கொடுக்க முடியலைன்னு தப்பா நினைக்காதம்மா” என்றார்.

ஜோஸ்லின் எத்தனையோ வீட்டுச் சமையலறைகளைப் பார்த்தவள். அன்றைக்குத்தான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று மனசுக்குள் உறைத்தது.

அதே நாளில்தான் அந்தத் தவறும் நடந்தது. குளிர்பெட்டி ரீங்காரம் போடுகிறது, பேச்சோடு சேர்ந்து பதிவாகிறது என்று புரூனோ அதன் பிளக்கைப் பிடுங்கினான். எல்லாப் படப்பிடிப்பிலும் நடப்பதுதான். திரும்ப மாட்ட மறக்கக் கூடாதென்று ஒலிப்பதிவுக்காரர்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். வேன் சாவியைக் குளிர்பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சாவியை எடுக்கப் போனால் பிளக் ஞாபகம் வந்துவிடும். ஊரிலுள்ள புத்திசாலித்தனமெல்லாம் சேர்ந்து கண்டுபிடித்த ஏற்பாடு. பேட்டி பாதியில் பக்கத்து வீட்டுக்காரர் தன் லாரியை எடுக்க வேண்டும், வேனைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று வந்து நின்றார். சத்தம் போடாமல் சாவியை எடுத்துக்கொண்டு போய் வேனை நகர்த்தியவள் ஜோஸ்லின்தான். சாவி அவள் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் பிளக்கை யாரும் நினைக்கவில்லை.

கிளம்பும்போது, எல்லா வீட்டிலும் சொல்லும் அதே வாக்கியத்தை இங்கேயும் சொன்னாள். விட்டுப்போன காட்சி ஏதாவது இருந்தால் மறுபடி வந்து எடுக்க வேண்டியிருக்கும், அதனால் நான் போன் செய்கிறவரை சமையலறையில் எதையும் மாற்றாதீர்கள், நாற்காலியைக்கூட நகர்த்தாதீர்கள். பதினோரு வருடமாகச் சொல்கிறாள். ஒருத்தரும் கேட்டதில்லை, வேன் தெருமுனை திரும்புவதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காபி குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் முழுக்க ஜோஸ்லினுக்கு அலுவலகத்தில் சண்டை. எழுதும் குழுவின் தலைவன் நீல்ஸ், ஆர்டித்தின் கல்லறையில் நாற்காலி போட்டு ஊர்மன்றக் கூட்டம் நடத்துவது போல் எழுதி வைத்திருந்தான். இவள் அதைக் கிழித்தெறியச் சொன்னாள். இறந்தவளை விட்டுவிட்டு, உயிரோடிருந்தும் தோற்றவரையும், ஜெயித்தவள் சத்தியப்பிரமாணம் எடுக்க வரவில்லை என்பதற்காக அந்த இடத்தைக் காலியென்று அறிவிக்கப்போகும் சட்டத்தையும், வாக்கு மீறும் வாஷிங்டன் ஆசாமிகளையும் கிண்டல் செய்யலாம் என்று மன்றாடினாள்.

“உனக்கென்னடி ஆச்சு? அந்தக் கிழவரைத் தத்தெடுத்துட்டியா?” என்று நீல்ஸ் கேட்டான்.

ஆமாம், எடுத்துவிட்டேன், போடா என்று இவள் சொன்னாள். வேறு யாராவதாக இருந்தால் வேலை போயிருக்கும்.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை லோவலிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. அவர் பேசி வைத்திருந்ததை மட்டும் கேட்டாள்: “லோவல் பேசறேன்மா. அவசரம் ஒண்ணுமில்ல. நீங்க மறுபடி வருவீங்களா மாட்டீங்களான்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்.” பாவம், தனியாக இருப்பவர், பேசத் துணை தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். எடுத்துப் பேசினால் நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்பார். சண்டை முடியாமல் என்ன சொல்வது? நல்லபடியாக முடித்துவிட்டு நல்ல செய்தியாகவே சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். பழைய வழக்கம் கையைப் பிடித்து இழுத்தது என்றும் சொல்லலாம்.

வியாழக்கிழமை, ஜோஸ்லின் மன்றாடியபடியே, நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஆர்டித்தின் பெயரைச் சொல்லி, நாட்டிலேயே ஜெயித்தபின் ஒரு பொய்கூடச் சொல்லாத ஒரே அரசியல்வாதி இவர்தான் என்று வாசிப்பவர் சொன்னபோது கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அவள் மேல் விழவில்லை. கடைசியில் அவள் படம் வந்ததும் யாரோ கைதட்ட, எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஜோஸ்லின் திரைக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, மறுநாள் விடிந்ததும் தானாகவே போனை எடுத்து அழைத்தாள்.

பார்த்தேன், ரொம்ப நன்றி, அவளுக்குப் பிடித்திருக்கும் என்று லோவல் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அப்போ உங்க வேலை முடிஞ்சுதாம்மா? குளிர்பெட்டியை இப்ப மாட்டிக்கலாமா?”

“நீங்க ஏன் மாட்டலை?” என்றாள் ஜோஸ்லின்.

“எதையும் மாத்தாதீங்கன்னு சொன்னியேம்மா. நல்லா வரணுமேன்னு பாத்தேன். கதவைத் திறக்காம வச்சா குளிர் நிக்கும்னு திறக்கவே இல்ல.”

விடுப்பும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். மற்றவர்களுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அதற்குப் பதில், வருடக்கணக்கில் அந்தக் கூட்டத்தோடு இருந்த தோஷம், ஒரு நகைச்சுவைதான் தானாக வந்து நின்றது. பென்சில்வேனியாவில், இறந்துபோன ஊர்மன்ற உறுப்பினரின் முதல் நிர்வாகக் குளறுபடி, உணவுக் கிடங்கில் மின்வெட்டு. நீல்ஸ் கேட்டால் துள்ளிக் குதிப்பான். கச்சிதமாக இருக்கிறது என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியது. காரை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

லோவல் கதவைத் திறந்தார். அதே கோட்டுதான், ஆனால் முடி வாரவில்லை. சமையலறையில் நாற்காலிகள் டெக்ஸ்டர் எழுந்து போன கோணத்திலேயே கிடந்தன. தரை மட்டும் புதிதாகத் துடைத்திருந்தது; எவ்வளவு துடைத்தும் புளித்த வாடை போகவில்லை. குளிர்பெட்டி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

தன் தவறுதான் என்றாள் அவள். சாவியை எடுத்தவள் தான்தான் என்றும், செவ்வாய்க்கிழமை அழைப்பைப் பார்த்துவிட்டே எடுக்கவில்லை என்றும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படிப்பட்ட மனிதர்தான். ஆனால் சொல்லவில்லை.

“அவ பேரை நல்லபடியா காப்பாத்தினே. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. இதை மட்டும் பரவாயில்லன்னு சொல்ல வரலம்மா. சொன்னா பொய்யாப் போயிடும்.”

கெட்டுப்போனதையெல்லாம் எங்கே கொட்டினீர்கள், சுத்தம் செய்யவாவது உதவட்டுமா என்று அவள் கேட்டாள். லோவல் போய் மேல்கதவைத் திறந்தார். டப்பாக்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே, கசிந்ததெல்லாம் துடைக்கப்பட்டு, அடுக்கடுக்காக இருந்தன. ஓரங்களில் புதுப் பனி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

“இதைச் சாப்பிட முடியாது” என்றாள் ஜோஸ்லின் மெதுவாக.

“தெரியும். சாப்பிட இல்ல.” அவர் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். “திங்கக்கிழமை அவ இடம் காலின்னு மன்றத்துல எழுதப் போறாங்க. ஒரே வாரத்துல ரெண்டு இடத்தையும் காலி பண்ண என்னால ஆகல.”

கதவைச் சாத்தினார். சாத்தியபின் கையை எடுக்காமல், அன்றைக்கு முதல் முறையாக அவளை நேராகத் திரும்பிப் பார்த்தார்.

“உன் ஆளுங்ககிட்ட இதைச் சொல்லிடாதம்மா. கேட்டா சிரிப்பாங்க. எனக்குத் தெரியும், சிரிப்பாத்தான் இருக்கு.”

ஜோஸ்லின் வாயைத் திறந்தாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வந்தவளுக்கு நா எழவில்லை. லோவல் அவளுடைய வாக்குக்காகக் காத்திருக்கவும் இல்லை.